ஒளிப்படத்தை ஓவியமாக்கும் கணக்கு: கலை விளைவுகள் குறித்த எளிய விளக்கம்

ஒளிப்படம் ஒன்றைப் பென்சில் சித்திரமாகவோ, எண்ணெய் வண்ண ஓவியமாகவோ, பழைய காலத்து அச்சுப் படமாகவோ மாற்றிக் காட்டும் வசதி இன்று ஏறக்குறைய எல்லாப் படத்தொகுப்பு மென்பொருள்களிலும் இருக்கிறது. மெனுவைத் திறந்து ஒரு ஃபில்டரின் பெயரைச் சொடுக்கினால் சில நொடிகளில் படம் உருமாறிவிடுகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். பல ஃபில்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, எதுவுமே எதிர்பார்த்ததுபோல் அமையவில்லையே என்று சலித்துப்போவதும் இங்கேதான். ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் படத்துக்கு எது பொருந்தும், ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஊகத்துக்கு விடாமல் நாமே தீர்மானிக்கலாம். பெருக்கல், வகுத்தல், சராசரி ஆகியவை தெரிந்த எவருக்கும் புரியக்கூடிய கணக்குதான் அது.

முதலில் ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. கேமரா தன் முன்னால் இருக்கும் அனைத்தையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்கிறது: முகத்தின் கண்களையும், பின்னாலுள்ள சுவரின் விரிசலையும், சட்டையின் நூலிழையையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஓவியர் அப்படிச் செய்வதில்லை. அவர் வரையும் கோடுகளைவிட வரையாமல் விட்டுவிடும் விவரங்களே அதிகம். ஆகவே, ஒளிப்படத்தை ஓவியம்போல் தோன்றச் செய்வது என்பது அடிப்படையில் ஒரு கழித்தல் வேலை. எந்த விவரத்தைக் கைவிடுவது, எதை மிகைப்படுத்துவது என்பதில்தான் ஒவ்வொரு விளைவும் மற்றொன்றிலிருந்து மாறுபடுகிறது.

இந்த ஆசை கணினியோடு பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயங்கிய பிக்டோரியலிஸ்டுகள் என்னும் ஒளிப்படக் கலைஞர்கள், கூர்மையான படங்களை வேண்டுமென்றே மென்மையாக்கினார்கள். கோந்தும் வண்ணப்பொடியும் கலந்த பூச்சின்மீது படத்தை அச்சிட்டு, ஈரமாக இருக்கும்போதே பிரஷால் சில பகுதிகளைக் கழுவி அகற்றினார்கள். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறை, படத்தை முழுக்க நீல வண்ணத்தில் தந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒளிப்படக் கலைஞர்களான மேன் ரேயும் லீ மில்லரும், படம் உருத்துலங்கிக்கொண்டிருக்கும்போதே ஒளியைப் பாய்ச்சி, சில பகுதிகளின் ஒளியும் நிழலும் தலைகீழாகும் விந்தையான படங்களை உருவாக்கினார்கள். இன்றைய மென்பொருள்களில் நாம் காணும் பெயர்களில் பல, இருட்டறையில் இப்படிக் கைகளால் செய்யப்பட்டவற்றின் கணித வடிவங்களே. 1990இல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பும், 1996இல் கட்டணமற்ற கிம்ப் மென்பொருளின் முதல் பொதுப் பதிப்பும் வெளியான பிறகு, அந்த வேலைகள் வேதிப்பொருள்களின் வாடையில்லாத மேசைக்கு இடம் மாறின.

எல்லாம் எண்கள்தாம்

கணினிக்கு ஒளிப்படம் என்பது பிக்சல்கள் எனப்படும் சிறு சதுரங்களின் வரிசை. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. வழக்கமான 8 பிட் படத்தில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மூன்றும் சமமாக இடையில் எங்கேனும் நின்றால் சாம்பல். இந்த எண்களைக் கொண்டு ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் குறிக்க முடியும். கலை விளைவு எதுவாயினும், அது இந்த எண்களை வேறு எண்களாக மாற்றும் ஒரு விதி மட்டுமே.

அந்த விதிகளில் எளியது, ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியே எடுத்து மாற்றுவது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இவ்விதிக்குக் கவலையில்லை. கறுப்பு வெள்ளையாக்குதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் தேர்வுக்கு இடமே இல்லை என்று தோன்றும், ஆனால் இருக்கிறது. இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு மலர் இருப்பதாகக் கொள்வோம். மலரின் எண்கள் 200, 30, 40. இலையின் எண்கள் 70, 170, 60. ஃபோட்டோஷாப்பின் டீசாச்சுரேட் கட்டளை, மூன்று எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. மலருக்கு 115 கிடைக்கிறது. இலைக்கும் அதே 115 கிடைக்கிறது. கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்த மலர் இலைகளுக்குள் கரைந்து காணாமல் போய்விடும். மனிதக் கண் பச்சையை அதிக ஒளியுள்ளதாகவும் நீலத்தை மிகக் குறைந்த ஒளியுள்ளதாகவும் உணர்வதால், சிவப்பை 0.299ஆலும் பச்சையை 0.587ஆலும் நீலத்தை 0.114ஆலும் பெருக்கிக் கூட்டும் வேறொரு முறையும் உண்டு. இம்முறையில் மலர் 82 ஆகவும் இலை ஏறக்குறைய 128 ஆகவும் மாறி, மலர் கறுத்துத் தனித்து நிற்கும். கிம்ப்பின் டீசாச்சுரேட் மெனுவில் பல தேர்வுகள் கொடுக்கப்பட்டிருப்பதும், ஃபோட்டோஷாப்பில் பிளாக் அண்ட் ஒயிட் என்ற தனிக் கருவியில் நிறத்துக்கொரு ஸ்லைடர் இருப்பதும் இந்தக் காரணத்தால்தான். கறுப்பு வெள்ளை சப்பென்று இருக்கிறது என்று தோன்றினால், கான்ட்ராஸ்டைக் கூட்டுவதற்கு முன்னால் மாற்றும் முறையை மாற்றிப் பாருங்கள்.

போஸ்டரைஸ் என்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. 256 படிகள் இருந்த இடத்தில் நான்கே படிகளை விட்டுவைத்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் 0, 85, 170, 255 ஆகியவை மட்டும் மிஞ்சும். மொத்த நிறங்கள் 64 ஆகச் சுருங்கும். கன்னத்தின் மென்மையான நிழல், வெட்டி ஒட்டிய வண்ணத்தாள்போல் திட்டுத் திட்டாக மாறும். சுவரொட்டிகளின் தோற்றம் இப்படித்தான் கிடைக்கிறது. சாம்பல் எண் ஒவ்வொன்றுக்கும் நாம் விரும்பும் ஒரு நிறத்தை ஒதுக்கிவிடுவது கிரேடியன்ட் மேப். இருண்ட பகுதிக்குக் கரும்பழுப்பும் ஒளிப்பகுதிக்கு வெளிர்மஞ்சளும் கொடுத்தால் செபியா, நீலமும் வெள்ளையும் கொடுத்தால் சயனோடைப்பின் சாயல். எந்த எண் எந்த எண்ணாக மாற வேண்டும் என்பதை ஒரு கோட்டால் காட்டும் கர்வ்ஸ் கருவியில், அந்தக் கோட்டின் வலப்பாதியைக் கீழ்நோக்கி மடக்கினால், மேன் ரேயின் தலைகீழ் ஒளி வந்துவிடும்.

அக்கம்பக்கத்தைப் பார்க்கும் விதிகள்

ஓவியத் தன்மை உண்மையில் தொடங்குவது, ஒரு பிக்சலை மாற்றும்போது அதன் அண்டை பிக்சல்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விதிகளில்தான். காஸியன் ப்ளர் இவற்றில் எல்லோரும் அறிந்தது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ளவற்றின் சராசரியை எடுத்து வைக்கிறது. அருகில் இருப்பவற்றுக்கு அதிக எடையும் தொலைவில் இருப்பவற்றுக்குக் குறைந்த எடையும் தருகிறது. ரேடியஸ் என்ற ஸ்லைடர், எவ்வளவு தூரம் வரை எட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. விவரங்களைக் கைவிட இது எளிய வழி என்றாலும், ஓவியத்துக்கு இது மட்டும் போதாது. தோலின் நுண்துளைகளோடு சேர்த்து மூக்கின் விளிம்பையும் உதட்டின் எல்லையையும் கரைத்துவிடுவதால், படம் கவனம் தவறிய கேமராவில் எடுத்ததுபோல் ஆகிவிடும். பிரஷால் தீட்டிய ஓவியத்தில் அப்படி நடப்பதில்லை. திட்டுக்குள் நிறம் சமமாக இருக்கும். திட்டு முடியும் இடத்தில் எல்லை தெளிவாக இருக்கும்.

ஆகவே, உட்புறத்தை மழுங்கச் செய்து விளிம்பைக் காப்பாற்றும் ஒரு விதி தேவைப்படுகிறது. கிம்ப்பில் ஆர்ட்டிஸ்டிக் ஃபில்டர்களின் கீழ் இருக்கும் ஆயிலிஃபை இதை ஒரு வாக்கெடுப்பின் மூலம் சாதிக்கிறது. சுற்றியுள்ள பிக்சல்களை அவற்றின் ஒளி அளவைக் கொண்டு சில பிரிவுகளாகப் பிரித்து, எந்தப் பிரிவில் அதிக உறுப்பினர்கள் இருக்கிறார்களோ அந்தப் பிரிவின் நிறத்தையே நடுவிலிருக்கும் பிக்சலுக்குக் கொடுக்கிறது. சராசரி எடுத்தால் வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து சாம்பல் ஆகிவிடும். வாக்கெடுப்பில் பெரும்பான்மை எதுவோ அது அப்படியே வெல்லும் என்பதால், எல்லைகள் கலங்குவதில்லை. சிறுபான்மையாக இருக்கும் தூசி, புள்ளி, தனி மயிரிழை போன்றவை மட்டும் மறைந்துவிடுகின்றன.

இதைவிட நேர்த்தியானது குவஹாரா ஃபில்டர். 1976இல் ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோஷி குவஹாராவும் உடன் பணியாற்றியவர்களும் இதய மருத்துவப் படங்களிலுள்ள இரைச்சலை, அதாவது தேவையற்ற குருணைகளை, நீக்குவதற்காக உருவாக்கிய முறை இது. கலைக்கும் அதற்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள சதுரத்தை, ஒன்றோடொன்று சற்றே மேற்பொருந்தும் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கிறது. எந்தக் கால்பகுதியில் நிறங்கள் மிகவும் ஒத்துப்போகின்றனவோ அதன் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கன்னத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பிக்சலை எண்ணிப் பாருங்கள்: நான்கு கால்பகுதிகளில் ஒன்று முழுக்கக் கன்னத்துக்குள் விழும், ஏனையவை கன்னமும் பின்னணியும் கலந்தவையாக இருக்கும். கலப்பற்ற பகுதியே வெல்லும் என்பதால், அந்தப் பிக்சல் கன்னத்தின் நிறத்தையே பெறும். அடுத்த பக்கத்திலுள்ள பிக்சல் பின்னணியின் நிறத்தைப் பெறும். எல்லை முன்னைவிடக் கூர்மையாகிவிடுவதுகூட உண்டு. திட்டுகளாகத் தீட்டிய எண்ணெய் ஓவியத்தை இது நெருங்கி ஒத்திருப்பதைக் கண்ட பிறகே, இதைக் கலைக்காகப் பயன்படுத்தும் பழக்கம் பரவியது. பல மென்பொருள்களில் இது வேறு பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கிம்ப்போடும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளோடும் இணைத்துக்கொள்ளக்கூடிய ஜிமிக் என்ற ஃபில்டர் தொகுப்பில் சொந்தப் பெயரிலேயே கிடைக்கிறது.

விளிம்பைக் காப்பாற்றுவது ஒரு வகை என்றால், விளிம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் தூக்கி எறிவது இன்னொரு வகை. ஸ்டான்ஃபோர்டில் 1968இல் முன்வைக்கப்பட்ட சோபெல் முறை, ஒரு பிக்சலுக்கு வலப்புறம் இருப்பவற்றிலிருந்து இடப்புறம் இருப்பவற்றைக் கழிக்கிறது. அதேபோல் மேலிருந்து கீழும் கழிக்கிறது. சமமான சுவரில் விடை 0 ஆக இருக்கும். சுவரும் வானமும் சந்திக்கும் இடத்தில் விடை பெரிதாகும். பெரிய விடைகளைக் கறுப்பாகவும் 0ஐ வெள்ளையாகவும் காட்டினால், கோட்டுச் சித்திரத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். கார்ட்டூன் விளைவு என்பது போஸ்டரைஸ் செய்த வண்ணத் திட்டுகளின்மேல் இந்தக் கோடுகளைப் பதிப்பதுதான்.

லேயர்களும் அவற்றின் கலப்பும்

ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பு 1994இல் லேயர்களைக் கொண்டுவந்தது, அதன் பிறகு இத்தொழிலின் போக்கே மாறியது. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து மேலிருந்து பார்ப்பதுபோல், வெவ்வேறு படங்களை அடுக்கி ஒரே படமாகக் காணலாம். மேல் லேயர் கீழ் லேயரோடு எவ்வாறு சேர வேண்டும் என்பதைச் சொல்வது பிளெண்ட் மோட். மல்டிப்ளை என்றால் இரண்டு எண்களையும் பெருக்கி 255ஆல் வகுக்க வேண்டும்: 200ம் 128ம் சேர்ந்து 100 ஆகும். விடை இரண்டில் சிறியதைவிட ஒருபோதும் பெரிதாக இருக்காது என்பதால், மல்டிப்ளை எப்போதும் படத்தை இருட்டாக்கும். வெள்ளை அதில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். காகிதத்தின் சொரசொரப்பைப் படத்தின்மேல் ஏற்றுவதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறோம். ஸ்கிரீன் இதன் நேர் எதிர். அது எப்போதும் வெளிச்சமாக்கும், அதில் கறுப்பு மறையும்.

இவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்குப் பென்சில் சித்திரத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. தயார்நிலை ஃபில்டரை நாடாமல் இதை ஒருமுறை கையால் செய்து பார்ப்பவருக்குப் பிளெண்ட் மோட் என்றால் என்னவென்று பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்காது. படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அந்த லேயரை டூப்ளிகேட் செய்து, மேலிருக்கும் நகலை இன்வர்ட் கட்டளையால் தலைகீழாக்குங்கள். 80 என்றிருந்தது 175 ஆகும், 200 என்றிருந்தது 55 ஆகும். பிறகு அந்த மேல் லேயரின் பிளெண்ட் மோடைக் கலர் டாட்ஜ் என மாற்றுங்கள். கிம்ப்பில் இதன் பெயர் டாட்ஜ் மட்டுமே. மாற்றிய கணத்தில் திரை ஏறக்குறைய முழு வெள்ளையாகிவிடும், ஆங்காங்கே சில கறும்புள்ளிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். படம் அழிந்துவிட்டது என்று பலர் இந்த இடத்தில் செயலை ரத்து செய்துவிடுகிறார்கள். அது அழியவில்லை. மேல் லேயருக்கு மூன்று பிக்சல் ரேடியஸில் காஸியன் ப்ளர் கொடுங்கள். வெள்ளைத் தாளில் கோடுகள் தோன்றத் தொடங்கும். ரேடியஸைக் கூட்டக் கூட்ட நிழல்கள் அடர்ந்து வரும்.

இது எப்படி நடக்கிறது? கலர் டாட்ஜின் விதி: கீழ் லேயரின் எண்ணை 255ஆல் பெருக்கி, 255இலிருந்து மேல் லேயரின் எண்ணைக் கழித்தால் வருவதைக் கொண்டு வகுக்க வேண்டும், விடை 255ஐத் தாண்டினால் 255 என்றே கொள்ள வேண்டும். மேல் லேயர் தலைகீழாக்கப்பட்ட நகல் என்பதால், 255இலிருந்து அதைக் கழித்தால் மீண்டும் பழைய எண்ணே கிடைக்கிறது. 80ஐ 255ஆல் பெருக்கி 80ஆல் வகுத்தால் 255, அதாவது வெள்ளை. 200க்கும் அதுவே. முழுக் கறுப்பான பிக்சல்களுக்கு மட்டும் இது பொருந்தாது என்பதால் அவை புள்ளிகளாக மிஞ்சுகின்றன. ப்ளர் கொடுத்த பிறகு, சமமான பகுதிகளில் சராசரியும் அசலும் ஒன்றே என்பதால் அங்கே வெள்ளை தொடர்கிறது. ஆனால் 80 என்ற இருண்ட தலைமுடியும் 200 என்ற வெளிச்சமான சுவரும் சந்திக்கும் இடத்தில், மங்கலான மேல் லேயரின் எண்ணை 255இலிருந்து கழித்தால் 140 வரும் என்று கொள்வோம். முடியின் பக்கத்தில் 80ஐ 255ஆல் பெருக்கி 140ஆல் வகுத்தால் ஏறக்குறைய 146, நல்ல சாம்பல். சுவரின் பக்கத்தில் 200ஐ வைத்துக் கணக்கிட்டால் 364 வரும். அது 255க்கு மேல் என்பதால் வெள்ளை. ஆகவே கோடு இருண்ட பக்கத்தில் மட்டும் விழுகிறது, விளிம்பிலிருந்து விலக விலக மெல்ல வெளுக்கிறது. பென்சிலை விளிம்பில் அழுத்தி உள்நோக்கித் தேய்த்தால் வரும் நிழலும் இப்படித்தான் இருக்கும். சோபெல் முறையின் வறட்டுக் கோடுகளைவிட இது கை வரைந்ததுபோல் தோன்றுவதன் ரகசியம், இந்த ஒருபக்கச் சாய்வுதான்.

கோடுகள் வெளிறிப்போயிருந்தால் லெவல்ஸ் கருவியில் கறுப்பு முனையைச் சற்று உள்ளே தள்ளலாம், அல்லது முடிவான படத்தை நகலெடுத்து அதன்மேலேயே மல்டிப்ளையில் வைக்கலாம். வண்ணப் பென்சில் தோற்றம் வேண்டுமென்றால், அசல் வண்ணப் படத்தை மேலே வைத்துக் கலர் என்ற மோடைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அது பலன் தராது. கலர் மோட் கீழிருக்கும் ஒளி அளவை மாற்றுவதில்லை என்பதால், வெள்ளைத் தாளின்மீது நிறம் ஏறவே ஏறாது. மல்டிப்ளையில் வைத்து, லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் ஓபாசிட்டியை 30 சதவீதம் அளவுக்குக் குறைத்தால் மென்மையான வண்ணம் படியும்.

லேயர்களின் கலப்பிலிருந்து பிறக்கும் இன்னொரு விளைவு, கனடாவின் ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் கையாண்டது. ஒரே காட்சியை, கூர்மையாக ஒரு ஸ்லைடிலும் (ஒளி ஊடுருவும் ஃபிலிம் துண்டு) மங்கலாக மற்றொன்றிலும், இரண்டையும் சற்றே அதிக வெளிச்சத்தோடு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அவர் கனவுபோன்ற ஒளிர்வைப் பெற்றார். கணினியில், படத்தின் நகலை ஸ்கிரீனில் வைத்து வெளிச்சமாக்கி ஒன்றாக்கிக்கொண்டு, அதற்கு இன்னொரு நகல் எடுத்து, ப்ளர் கொடுத்து மல்டிப்ளையில் வைத்தால் அதே ஒளிர்வு வருகிறது. காடு, பனி, அதிகாலை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். கட்டடங்களுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. கோடுகளின் உறுதியே அழகாக இருக்கும் இடத்தில் மென்மை குறையாகத் தெரிகிறது.

நீர்வண்ணத் தோற்றம் எல்லாவற்றிலும் கடினமானது, ஏனென்றால் அதற்கு ஒரே விதி போதாது. உண்மையான நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் பூசப்படுவதில்லை, காகிதமே வெள்ளையாக எஞ்சுகிறது. ஈரம் உலரும்போது வண்ணத்துகள்கள் ஓரங்களுக்கு நகர்வதால் ஒவ்வொரு திட்டின் விளிம்பும் நடுப்பகுதியைவிட அடர்ந்திருக்கும். எனவே, குவஹாராவாலோ, சுற்றியுள்ள எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளும் மீடியன் ஃபில்டராலோ விவரங்களைக் குறைத்து, படத்தை மொத்தமாக வெளிறச் செய்து, விளிம்புக் கோடுகளை மல்டிப்ளையில் மிக மெல்லியதாகப் பதித்து, அனைத்துக்கும் மேலே காகிதத்தின் இழையமைப்பை வைக்க வேண்டும். தயார்நிலை வாட்டர்கலர் ஃபில்டர்கள் பல படத்தை அளவுக்கு மீறி இருட்டாக்கிவிடுவதால், அவற்றைவிட இந்தக் கூட்டு முறை கூடுதல் உழைப்புக்கு ஏற்ற பலனைத் தருகிறது.

எங்கும் ஒரே அளவு வேண்டாம்

ஃபில்டரால் செய்த ஓவியத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காட்டிக்கொடுப்பது அதன் சீரான தன்மை. கண்ணின் கருமணிக்கும் பின்னணிப் புதருக்கும் ஒரே பருமனுள்ள பிரஷ் ஓடியிருக்கும். உருவப்படம் தீட்டும் ஓவியர் முகத்தில் சிறு பிரஷையும், உடையில் நடுத்தரமானதையும், பின்னணியில் பெரியதையும் எடுப்பார். பார்வையாளரின் கண் எங்கே தங்க வேண்டும் என்பதை அவர் இப்படித்தான் தீர்மானிக்கிறார். இதை மென்பொருளில் சாதிக்கும் கருவி லேயர் மாஸ்க். ஒரு லேயரோடு இணைக்கப்படும் கறுப்பு வெள்ளைப் படம் அது. வெள்ளையாக இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் மறையும், சாம்பலாக இருக்கும் இடத்தில் பாதி தெரியும்.

ஆயிலிஃபையை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அசல் படத்தைக் கீழே வைத்து, அதற்கு மேல் சிறிய ரேடியஸ் கொடுத்த நகலையும், அதற்கும் மேல் பெரிய ரேடியஸ் கொடுத்த நகலையும் வைக்கலாம். மேல் நகலின் மாஸ்க்கில் உருவத்தின் பகுதியைக் கறுப்பால் தீட்டினால், பெரிய தீற்றல்கள் பின்னணிக்கு மட்டும் பொருந்தும். நடு நகலின் மாஸ்க்கில் கண்களின்மீதும் உதட்டோரங்களின்மீதும் மென்மையான பிரஷால் இளஞ்சாம்பல் தடவினால், அசலின் கூர்மை ஓரளவு அங்கே எட்டிப் பார்க்கும். சில நிமிட வேலைதான். எந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைவிட இதுவே படத்தின் தரத்தை அதிகமாக மாற்றுகிறது. மாஸ்க்கைத் தீட்டும்போது எல்லைக்கோட்டை மிகத் துல்லியமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. சற்றுப் பிசகியிருப்பதே கையால் செய்ததுபோல் தோன்றும்.

விளைவைப் போட்ட பிறகும் அதன் அளவுகளைத் திருத்த முடிவது இதற்குப் பெருந்துணை. ஃபோட்டோஷாப்பில் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டால், ஃபில்டரை எப்போது வேண்டுமானாலும் திறந்து ரேடியஸை மாற்றலாம், அல்லது அணைத்துவைக்கலாம். கிம்ப்பில் இத்தகைய வசதி 2025இல் வெளியான 3.0 பதிப்பில்தான் வந்தது.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரேடியஸ் என்பது பிக்சல் கணக்கில் சொல்லப்படுவது. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 5 என்பது கண்ணுக்கே தெரியாது, 1000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அதே 5 முகத்தை உருக்கிவிடும். ஓர் இணையப் பாடத்தில் கொடுக்கப்பட்ட எண்ணை அப்படியே போட்டும் அதே தோற்றம் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. எனவே படத்தை இறுதி அளவுக்கு மாற்றிக்கொண்ட பிறகே விளைவைத் தொடங்க வேண்டும். அடுத்தது இரைச்சல். குறைந்த ஒளியில் எடுத்த படத்தின் குருணைகளை ஒவ்வொன்றாக விளிம்பென்று எண்ணிக்கொள்ளும் கோட்டு ஃபில்டர், தெளிந்த வானத்தைக்கூடச் சொறிபிடித்ததுபோல் ஆக்கிவிடும். முதலில் மீடியன் ஃபில்டரால் அவற்றை அடக்கிவிடுங்கள். மூன்றாவது, ஜேபெக் சுருக்கம். இது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதிகம் சுருக்கப்பட்ட படத்தில் சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத அந்தக் கட்டங்களின் எல்லைகளை, பென்சில் விளைவு வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். செய்திச் செயலிகளின் வழியே பல கை மாறி வந்த படத்தை விடுத்து, கேமராவிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பில் வேலை செய்வது நல்லது.

படத்தேர்விலும் ஒரு நிதானம் வேண்டும். தெளிவான ஒரு பக்க ஒளியும், பொருளுக்கும் பின்னணிக்கும் இடையே நல்ல வேறுபாடும் உள்ள படம் ஏறக்குறைய எந்த விளைவையும் தாங்கும். மங்கிய, நெரிசலான படத்தை ஓவியமாக்கிக் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணுவது வீண். விவரங்களைக் கழிக்கும்போது அதில் மிஞ்சுவதற்கு வடிவம் எதுவும் இருக்காது.

செயற்கை நுண்ணறிவு சார்ந்த முறைகள் இந்த வரிசையில் எங்கே நிற்கின்றன என்ற கேள்வி இயல்பானது. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கனைச் சேர்ந்த லியோன் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெத்கே ஆகிய மூவரும், பொருள்களை அடையாளம் காணப் பயிற்றுவிக்கப்பட்ட நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டு, ஒரு படத்தின் உள்ளடக்கத்தையும் வேறோர் ஓவியத்தின் பாணியையும் இணைக்கலாம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே வெளிவந்த பிரிஸ்மா செயலி அத்தகைய முறையைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. இங்கே விதியை மனிதர் எழுதுவதில்லை. ஓவியத்தில் எந்த இழைகளும் நிறங்களும் சேர்ந்து வருகின்றன என்பதை வலைப்பின்னலே அளந்து, அந்த அளவுகளுக்கு ஒளிப்படத்தை நெருக்குகிறது. வியப்பூட்டும் முடிவுகள் கிடைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் முகத்துக்கும் சுவருக்கும் ஒரே அளவில் பாணியைப் பூசும் பழைய சிக்கல் இங்கேயும் தொடர்கிறது என்பதால், அதன் விளைவையும் ஒரு லேயராகக் கொண்டுவந்து, மாஸ்க் போட்டு, ஓபாசிட்டியைக் குறைத்துப் பயன்படுத்துவதே நன்றாக அமைகிறது.

வேலை முடிந்ததும், லேயர்கள் சிதையாமல் மென்பொருளின் சொந்த வடிவத்தில் ஒரு கோப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்கு அனுப்புவதற்குத் தனி நகல் போதும். கோடுகளும் சமமான வண்ணத் திட்டுகளும் நிறைந்த பென்சில், போஸ்டர், கார்ட்டூன் படங்களைப் பிஎன்ஜி வடிவில் வெளியிட்டால் விளிம்புகள் கலங்காமல் இருக்கும். எண்ணெய் ஓவியம் போன்ற நிறச் செறிவுள்ளவற்றுக்கு உயர்தர ஜேபெக் போதுமானது. அச்சிடுவதாக இருந்தால் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 3000 பிக்சல் அகலமுள்ள படம் 10 அங்குலத்துக்கு வரும். அச்சுக்கு அனுப்பும் முன், திரையில் படத்தின் அகலம் 10 அங்குலமாகத் தெரியும்படி பெரிதாக்கத்தைச் சரிசெய்து, ஒரு கை நீளம் விலகி நின்று பாருங்கள். நூறு சதவீதத்தில் பார்த்தபோது அழகாகத் தெரிந்த மெல்லிய தீற்றல்கள் அந்தத் தொலைவில் காணாமல் போயிருந்தால், ரேடியஸை இன்னும் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.